எண்பத்திரண்டு நாள் சிறுநீரகம்

ஜனவரி 9

லிஃப்ட்காரருக்கு,

கையெழுத்தைப் பார்த்ததுமே யாரென்று தெரிந்திருக்கும். பத்தொன்பது வருடம் கழித்து இவள் எதற்கு எழுதுகிறாள் என்று பதற வேண்டாம். எனக்கு ஒரு கையெழுத்து வேண்டும், அவ்வளவுதான். முகவரியை உங்கள் அக்காவிடம் வாங்கினேன்.

என் இரண்டு கிட்னியும் கைவிட்டு ஆறு வருடம் ஆகிறது. வாரத்தில் மூன்று நாள், நாளுக்கு நான்கு மணி நேரம், மிஷின் என் ரத்தத்தை வெளியே எடுத்துக் கழுவித் திருப்பி அனுப்புகிறது. மற்ற நாட்களில் வேலைக்குப் போகிறேன். அதே பல் லேப்தான். டாக்டர்கள் வாயை அச்செடுத்து அனுப்புகிறார்கள், நான் பல் செட் செய்து அனுப்புகிறேன். இந்த ஊரில் வயதானவர்களில் பாதிப் பேர் என் புண்ணியத்தில்தான் சிரிக்கிறார்கள்.

மனிதர் கிட்னி எனக்குச் சேராது. என் ரத்தத்தில் எதிர்ப்பு அதிகமாம். நூறு பேர் கொடுக்க வந்தாலும் தொண்ணூற்றொன்பது பேருடையதை என் உடம்பு அடித்து விரட்டிவிடும். அதனால் பன்றியின் கிட்னியை வைத்துப் பார்க்கிறோம் என்கிறார்கள். சிரிக்காதீர்கள். இது தெருவில் திரியும் பன்றி இல்லை. கிருமி புகாத கட்டடத்துக்குள் பிறந்து, வெயிலே பார்க்காமல் வளர்வது. அதன் மரபணுவில் பத்து இடத்தில் திருத்தம் செய்திருக்கிறார்கள். மனித உடம்பு கண்டதும் பாயும் மூன்று வகைச் சர்க்கரையை எடுத்துவிட்டு, நம்மவருடைய மரபணுக்கள் சிலவற்றைச் சேர்த்திருக்கிறார்கள். ஆள் மாறாட்டம்தான். இன்னும் சோதனையளவில் இருப்பது, எத்தனை நாள் ஓடும் என்று யாரும் உறுதி சொல்லவில்லை.

இத்துடன் வைத்திருக்கும் படிவத்துக்கு வருகிறேன். பன்றியிடமிருந்து தெரியாத கிருமி ஏதாவது எனக்கு வந்து, என்னிடமிருந்து பக்கத்தில் இருப்பவருக்குப் போகலாம் என்று ஒரு பயம். அதனால் என்னோடு நெருங்கி வாழ்பவர்கள் சாகும்வரை ரத்தம் கொடுத்துப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். நாம் பிரிந்தோமே தவிர, முறைப்படி முறித்துக்கொள்ளவில்லை. என் காகிதங்களில் எல்லாம் இன்னும் 'மணமானவர்'. ஆகவே கணவர் கையெழுத்து இல்லாமல் நடக்காதாம். இரண்டு கட்டங்கள் இருக்கின்றன. ஒன்று, 'இவரோடு நெருங்கிய தொடர்பில் இருப்பேன், பரிசோதனைக்குச் சம்மதம்'. இன்னொன்று, 'இவரோடு எனக்குத் தொடர்பு இல்லை'. இரண்டாவதில் பென்சிலால் குறி போட்டிருக்கிறேன். அதன்மேல் பேனாவை ஓட்டிக் கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள்.

போன் செய்ய வேண்டாம். உங்கள் குரலைக் கேட்டால் கோபம் வரும், கோபம் வந்தால் பிரஷர் ஏறும், பிரஷர் ஏறினால் ஆபரேஷனைத் தள்ளிப்போடுவார்கள்.

இப்படிக்கு,
பல்லுக்காரி


ஜனவரி 22

பல்லுக்காரிக்கு,

உன் கடிதத்தை வாசலில் நின்று ஒரு தடவை, உள்ளே வந்து உட்கார்ந்து ஒரு தடவை படித்தேன். இரண்டாவது தடவைதான் புரிந்தது. எனக்கு எழுத வராது என்று உனக்குத் தெரியும். வேலை ரிப்போர்ட் எழுதித்தான் பழக்கம். 'கதவு சென்சார் மாற்றப்பட்டது. ஓட்டிப் பார்த்ததில் சரி.' அதற்கு மேல் எழுத வேண்டி வந்ததில்லை.

அம்மா போய் எட்டு வருடம் ஆகிறது. அக்கா சொல்லியிருப்பாள். இப்போது ஒற்றை அறையில் இருக்கிறேன், நான்காவது மாடி. வேடிக்கை என்னவென்றால் இந்தக் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. வேலை முடிந்து நாலு மாடி ஏறும்போது என்னை நானே திட்டிக்கொள்வேன்.

படிவம் மேஜைமேல் இருக்கிறது. கையெழுத்துப் போடவில்லை. எதற்கு உனக்குப் பன்றி? என்னிடம் இரண்டு இருக்கிறதே. ஐம்பத்திரண்டு வயது, சர்க்கரை இல்லை, பிரஷர் இல்லை, சிகரெட்டை விட்டுப் பதினோரு வருடம். நம் ரத்த வகையும் ஒன்றுதான், அது மறக்கவில்லை. தொண்ணூற்றொன்பது பேருடையது சேராது என்றால் நூறாவது ஆள் ஒருவன் இருக்கிறானே, அது நானாக இருந்துவிட்டுப் போகிறேன்.

நீ அனுப்பிய படிவத்தில் ஆஸ்பத்திரி முகவரி இருக்கிறது. லீவு சொல்லிவிட்டு வந்து பார்க்கிறேன். உன்னைத் தொந்தரவு செய்யமாட்டேன்.

லிஃப்ட்காரன்


பிப்ரவரி 1

உங்களுக்கு,

தானம் கேட்டா எழுதினேன்? கையெழுத்துக் கேட்டேன். நீங்கள் தாராளமாகக் கொடுப்பதாகவும் நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு வாங்குவதாகவும் மனதுக்குள் ஒரு படம் ஓட்டிப் பார்த்திருப்பீர்கள்.

ஏழு வருடம் ஒரே வீட்டில் இருந்தோம். என் தட்டில் சோறு விழும்போதெல்லாம் உங்கள் அம்மா, "இன்னும் எத்தன நாளைக்கு இந்த வெறும் வயித்துக்குக் கொட்டறது" என்பார். ஒரு நாளாவது தலையை நிமிர்த்தி "விடும்மா" என்று சொன்னதுண்டா? உங்களுக்கு இன்னொரு பெண் பார்க்கலாம் என்று கூடத்தில் பேச்சு எழுந்த அன்று, நீங்கள் டிவி ரிமோட்டுக்கு பேட்டரி மாற்றிக்கொண்டிருந்தீர்கள். மாற்றி முடித்து, அமுக்கிப் பார்த்து, "வேலை செய்யுது" என்றீர்கள். அதைக் கேட்டுவிட்டுத்தான் பெட்டியை எடுத்தேன். அன்றைக்கு ஒரு வார்த்தை கொடுக்க முடியாதவரிடம் இன்றைக்குக் கிட்னி வாங்கிக்கொள்ள என்னால் ஆகாது.

அது ஒரு பக்கம் இருக்கட்டும். உங்களுடையது சேராது. சேராதென்றால் சேராது, என்னிடம் காரணம் கேட்காதீர்கள். பரிசோதனை அது இது என்று இங்கே வந்து நிற்க வேண்டாம். படிவத்தை அனுப்புங்கள்.


பிப்ரவரி 19

பல்லுக்காரிக்கு,

உன் கடிதம் வருவதற்குள் நான் போய்வந்துவிட்டேன். நீ மிஷினுக்குப் போகாத நாளாகப் பார்த்துத்தான் போனேன். ரிமோட் விஷயம் எனக்கு ஞாபகமே இல்லை. ஆனால் நீ சொன்னால் நடந்திருக்கும். நான் அப்படிப்பட்டவன்தான்.

ஆறு சிறு குப்பியில் ரத்தம் எடுத்தார்கள். நேற்று முடிவு சொல்லக் கூப்பிட்டார்கள். மாற்றுச் சிகிச்சைப் பிரிவில் ஒரு பெண் இருக்கிறாளே, சிரித்த முகம், அவள்தான் எதிரில் உட்கார்ந்து சொன்னாள்.

"அண்ணே, உங்க கிட்னி நல்லாத்தான் இருக்கு. ஆனா அவங்களுக்கு ஆகாது."

"ஏம்மா? ரத்த வகை ஒண்ணுதானே?"

"வகை ஒண்ணுதான். அவங்க ரத்தத்துல உங்களுக்குன்னே தனியா எதிர்ப்பு இருக்குண்ணே. ரொம்ப அதிகம். புருஷன் பொண்டாட்டிக்குக் குடுக்கறப்ப இது சகஜம்தான். புள்ள வயித்துல இருக்கறப்ப அப்பாவோட அடையாளம் கொஞ்சம் அம்மா ரத்தத்துல கலந்துடும். உடம்பு அத அப்படியே ஞாபகம் வச்சுக்கும், எத்தன வருஷம் ஆனாலும்."

"எங்களுக்குத்தான் புள்ளையே இல்லையேம்மா."

அவள் ஃபைலைத் திறந்து பார்த்தாள். பிறகு மூடிவிட்டாள். "ரத்தம் ஏத்தியிருந்தாலும் எதிர்ப்பு வரும்ணே" என்று சொல்லிவிட்டு, "டீ குடிக்கறீங்களா" என்றாள். அதுவரை டீ குடிக்கிறீர்களா என்று கேட்காதவள்.

நான் மெக்கானிக். எங்கே சத்தம் வருகிறது, அது எதனால் வருகிறது என்று தேடிப் பிடிப்பதுதான் முப்பது வருடமாக என் பிழைப்பு. யாரோ ஒருவருடைய ரத்தத்தை ஏற்றினால் அந்த யாரோமேல்தானே பகை வர வேண்டும்? என்மேல் குறி வைத்தாற்போல எப்படி வரும்? ரயிலில் திரும்பும் வழியெல்லாம் இதையே போட்டு உருட்டினேன். நான் நினைப்பது சரியா? சரியில்லை என்றால் அதையாவது எழுது.


பிப்ரவரி 26

ரத்தம் ஏற்றினார்கள். இரண்டு பாட்டில். எப்போது, எதற்கு என்பதெல்லாம் உங்களுக்கு வேண்டாத கதை.

மார்ச் 12 ஆபரேஷன். பன்றி தயார், டாக்டர் தயார், நான் தயார். உங்கள் பேனாதான் தயாராகவில்லை.


மார்ச் 3

பல்லுக்காரிக்கு,

படிவம் இத்துடன் இருக்கிறது. கோபப்படாமல் படி. உன் பென்சில் குறியை ரப்பரால் அழித்துவிட்டேன். முதல் கட்டத்தில் பேனாவால் குறி போட்டுக் கையெழுத்திட்டிருக்கிறேன். இன்னொரு பிரதியை ஆஸ்பத்திரிக்கே நேராக அனுப்பிவிட்டேன், நீ மாற்ற முடியாது.

உன் வீட்டுக்கு வந்து நிற்பேன் என்று இதற்கு அர்த்தமில்லை. 'தொடர்பு இல்லை' என்கிற கட்டத்தில் கை போகவில்லை, அவ்வளவுதான். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை ரத்தம் எடுப்பார்களாம். எடுத்துவிட்டுப் போகட்டும். உனக்கு ஏதாவது ஆனால் யாரோ ஒருவர் எனக்குச் சொல்லியாக வேண்டும் என்று இப்போது விதி இருக்கிறது.

கேட்ட கேள்வியை இன்னொரு தடவை கேட்கமாட்டேன். தைரியமாகப் போய்வா.


மார்ச் 30

லிஃப்ட்காரருக்கு,

கிறுக்கலாக இருந்தால் மன்னிக்கவும். மாத்திரை கையை உதற வைக்கிறது. ஒரு நாளைக்கு முப்பத்து நான்கு மாத்திரை. முகம் உப்பிவிட்டது, கண்ணாடியில் வேறு யாரோ எட்டிப் பார்க்கிறாள். இந்தக் கையை வைத்துக்கொண்டு பல் செய்தால், வாங்குகிறவர் ஆயுளுக்கும் நாக்கைக் கடித்துக்கொள்வார்.

ஆனாலும் கேளுங்கள். ரத்தக் குழாயை இணைத்து, ரத்தத்தைத் தடுத்திருந்த கவ்வியை எடுத்ததும், வெளுத்துக் கிடந்த கிட்னி இளஞ்சிவப்பாக மாறியதாம். தைத்து முடிப்பதற்குள் சிறுநீர் வந்துவிட்டதாம். சர்ஜன் கை தட்டினார் என்று நர்ஸ் சொன்னாள். ஆறு வருடமாக எனக்குச் சிறுநீர் என்பதே கிடையாது. இப்போது ஒரு நாளைக்குப் பதினான்கு தடவை போகிறேன். ஒவ்வொரு தடவையும் அளந்து எழுதி வைக்கிறேன். உங்களிடம் போய் இதைச் சொல்கிறேனே என்று இருக்கிறது, ஆனால் வேறு யாரிடம் சொல்வது?

தண்ணீரைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஆறு வருடம் நாளுக்கு அரை லிட்டர்தான். கோடையில் ஐஸ் துண்டை வாயில் அடக்கிக்கொண்டு வேலை செய்வேன். இப்போது டாக்டரே, "மூணு லிட்டர் குடிக்கணும், கொறையக் கூடாது" என்று மிரட்டுகிறார். முதல் நாள் டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு குடித்தேன், பாதி கழுத்தில் வழிந்தது. நன்றாக அழுதேன்.

அந்தப் பன்றிக்கு ஒரு வயதுகூட ஆகவில்லையாம். எண்தான் உண்டு, பெயர் வைப்பதில்லையாம். கேட்டதிலிருந்து வயிற்றின் வலப்பக்கம் கையை வைத்துக்கொண்டுதான் தூங்குகிறேன்.

இப்போது ஆஸ்பத்திரிக்கு எதிரிலேயே ஒரு ஃபிளாட் கொடுத்திருக்கிறார்கள். ஒரு ஜன்னல், அதைத் திறக்கக் கூடாது. செடி கூடாது, பூ கூடாது, கூட்டம் கூடாது. காலையில் நர்ஸ் வந்து ரத்தம் எடுப்பாள். அப்புறம் மறுநாள் காலைவரை யாரும் இல்லை. டிவியில் செய்தி வாசிக்கிறவருக்குப் பதில் சொல்லத் தொடங்கியிருக்கிறேன். அவருக்கு மேல்வரிசையில் இரண்டு பல் கட்டினவை, மட்டமான வேலை.

நீங்கள் ரப்பர் எடுத்தது அதிகப்பிரசங்கித்தனம். அதற்கு மேல் அதைப் பற்றி எழுதக் கை ஒத்துழைக்கவில்லை.

பல்லுக்காரி


ஏப்ரல் 12

பல்லுக்காரிக்கு,

ஆஸ்பத்திரியிலிருந்து என்னையும் கூப்பிட்டு ரத்தம் எடுத்தார்கள். நர்ஸ் ஊசியைக் குத்திக்கொண்டே, "நீங்க அவங்களுக்கு யாரு?" என்று கேட்டாள். படிவத்தில் இருக்கிறதே என்றேன். "அது சரி, கூட இருக்கீங்களான்னு கேட்டேன்" என்றாள். "லிஃப்ட் மெக்கானிக்" என்றேன். அதையே எழுதிக்கொண்டாள்.

போன வாரம் ஒரு ஆபீஸ் கட்டடத்தில் ஒரு அம்மாள் ஏழாவது மாடிக்கும் எட்டாவது மாடிக்கும் நடுவில் மாட்டிக்கொண்டார். நாற்பது நிமிடம். மேலே இருந்து கத்தி, "பயப்படாதீங்க, நான் இங்கதான் இருக்கேன்" என்று சொல்லிக்கொண்டே வேலை பார்த்தேன். எங்களுக்குப் பயிற்சியில் சொல்லித் தருவதே அதைத்தான், உள்ளே இருப்பவரிடம் பேச்சை நிறுத்தக் கூடாது. கதவைத் திறந்ததும் அந்த அம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. யாரிடமும் சொல்லாமல் அதை நினைத்துக்கொண்டே வீட்டுக்கு வந்தேன். வேலைக்கு என்றால் வாய் வருகிறது. உன்னிடம் வரவில்லை.

நான் வந்து பார்க்கலாமா? மாஸ்க் போட்டுக்கொண்டு தள்ளி உட்காருகிறேன்.


ஏப்ரல் 20

வரக் கூடாது. நாளெல்லாம் நூறு பேர் தும்மும் பெட்டிக்குள் நிற்கிறவர் நீங்கள். உங்கள் சளி என்னைக் கொன்றுவிடும். இது நான் சொல்லவில்லை, டாக்டர்.

சரி, நானும்தான் சொல்கிறேன். கடிதத்தில் இருக்கும் ஆளோடு எனக்கு ஒத்துப்போகிறது. நேரில் வந்தால் ரிமோட்காரர் வந்துவிடுவாரோ என்று பயமாக இருக்கிறது.

எழுதுவதை நிறுத்த வேண்டாம்.


மே 23

உங்களுக்கு,

எழுபத்திரண்டாவது நாள். போன வாரத்திலிருந்து சிறுநீர் குறைகிறது, ரத்தத்தில் கழிவின் அளவு ஏறுகிறது. ஊசி போட்டுக் கிட்னியில் ஒரு துணுக்கு எடுத்துப் பார்த்தார்கள். என் உடம்பு கண்டுபிடித்துவிட்டதாம். பத்து இடத்தில் வேஷம் போட்டு அனுப்பியும் பதினோராவதாக ஒன்றைப் பிடித்துவிட்டது. ரத்தத்திலிருந்து எதிர்ப்பை வடிகட்டி எடுக்கிறார்கள், புதுப் புது மருந்து ஏற்றுகிறார்கள். பத்து நாள் பார்ப்போம், இறங்காவிட்டால் எடுத்துவிடுவோம் என்கிறார் டாக்டர். இந்த நிலையில் இன்னொரு ஆபரேஷனை உடம்பு தாங்குமா என்று கேட்டேன். "பாத்துக்கலாம்மா" என்றார். அவர் முகத்தைப் பார்க்காமல் இருந்திருக்கலாம்.

அதனால் இன்று உட்கார்ந்து எழுதிவிடுகிறேன். நீங்கள் நினைத்தது சரி.

வீட்டை விட்டு வந்தபோது எனக்கே தெரியாது. ஆகஸ்டில் வந்தேன், செப்டம்பர் கடைசியில் தெரிந்தது. ஏழு வருடம் எல்லாருடைய பேச்சையும் கேட்டேன், பேச்சு நின்ற பிறகு வந்து சேர்ந்தது. நான்கு மாதம் முடிகிறவரை ஒருவரிடமும் சொல்லவில்லை. பிறகு உங்களுக்கு ஒரு கடிதம் எழுதினேன். ஆம், எழுதினேன். லேபின் நீளக் கவரில் போட்டு, பதிவுத் தபாலில். ஒன்பதாவது நாள் அது 'பெறுநர் மறுத்தார்' என்ற முத்திரையோடு அப்படியே திரும்பி வந்தது. பிரிக்கவே இல்லை.

டிசம்பரில், ஐந்தாம் மாதம், எல்லாம் போயிற்று. அந்த ரத்தப் போக்கில்தான் இரண்டு பாட்டில் ஏற்றினார்கள். நான் பொய் சொல்லவில்லை, பாதி சொன்னேன்.

உங்கள் கிட்னி சேராது என்று அன்றைக்கு அடித்து எழுதினேனே, டாக்டர் எனக்கு அதை ஆறு வருடம் முன்பே விளக்கியிருந்தார். அவர் விளக்கும்போது எனக்கு வருத்தமே வரவில்லை. இந்த உலகத்தில் அந்தக் குழந்தை இருந்ததற்கு என் ரத்தத்தைத் தவிர வேறு சாட்சி கிடையாது என்று நினைத்துக்கொண்டேன்.

இத்தனை வருடத்தில் ஒன்றை மட்டும் எனக்கு நானே சொல்லித் தேற்றிக்கொண்டேன். தபாலைத் திருப்பியது உங்கள் அம்மாதான். நீங்கள் வேலைக்குப் போயிருப்பீர்கள், உங்களுக்குத் தெரிந்தே இருக்காது. அதை நம்பித்தான் ஜனவரியில் உங்களுக்குப் பேனா எடுத்தேன். அப்படித்தானே நடந்தது என்று ஒரு வரி எழுதிவிடுங்கள். ஆபரேஷனுக்கு அதோடு போகிறேன்.


மே 28

பல்லுக்காரிக்கு,

நாலு நாளாக எழுதிக் கிழித்தேன். அம்மா என்று எழுதிவிட்டால் போதும். அம்மா வந்து இல்லையென்று சொல்லப் போவதில்லை. நீயும் நிம்மதியாகப் போவாய். ஒரு தடவை எழுதியும் விட்டேன், கவரில் போட்டு ஒட்டியும் விட்டேன்.

அம்மா இல்லை. நான்தான்.

சனிக்கிழமை. நான் வீட்டில்தான் இருந்தேன். தபால்காரர் நீளக் கவரை நீட்டினார், உன் கையெழுத்தில் என் பெயர். அவ்வளவு நீளக் கவரில் என்ன வரும்? வக்கீல் நோட்டீஸ் என்று நினைத்தேன். வாங்கினால் கையெழுத்துப் போட வேண்டும், கையெழுத்துப் போட்டால் நீ போனது போனதுதான் என்று ஆகிவிடும். வாங்காவிட்டால் நீ இன்னும் போகாத மாதிரி. கோழை போடும் கணக்கு அது. கோபமும் இருந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். "வேணாங்க, திருப்பிடுங்க" என்றேன். தபால்காரர்கூட, "ஒரு தடவ யோசிச்சுட்டு முடிவு பண்ணுங்களேன்" என்றார். அம்மா உள்ளே இருந்து "யாருடா?" என்று கேட்டாள். "யாரும் இல்ல" என்றேன்.

யாரும் இல்லை என்று சொன்னேன். நாலு நாளாக அந்த வார்த்தை காதில் கேட்டுக்கொண்டே இருக்கிறது.

பொய் எழுதியிருந்தால் உனக்கு நல்லதா என்று தெரியவில்லை. ஏழு வருடம் வாய் திறக்க வேண்டிய நேரத்தில் திறக்கவில்லை, இப்போதாவது திறக்க வேண்டும் என்று தோன்றியது. அந்தக் கடிதம் உன்னிடம் இருந்தால் எனக்கு அனுப்பு. நீ அனுப்பாவிட்டாலும் நியாயம்தான்.


ஜூன் 10

ஜூன் இரண்டாம் தேதி எடுத்துவிட்டார்கள். எண்பத்திரண்டு நாள் ஓடியது. எடுத்தபோது கறுத்து, வீங்கி, ஒன்றரை மடங்கு இருந்ததாம். பிழைத்துக்கொண்டேன். செவ்வாய், வியாழன், சனி மறுபடியும் மிஷின், நாளுக்கு அரை லிட்டர் தண்ணீர். மாத்திரையை நிறுத்தியதும் கை உதறல் நின்றுவிட்டது, பாருங்கள், எழுத்து நேராக வருகிறது. என் ரத்தமும் பழையபடி உங்களுக்குப் பகையாளி ஆகிக்கொண்டிருக்கும். கிட்னி போனாலும் ரத்தப் பரிசோதனை மட்டும் ஆயுளுக்கும் உண்டாம். எனக்கும், அதிகப்பிரசங்கித்தனமாகக் குறி போட்டதால் உங்களுக்கும்.

உங்கள் கடிதம் ஆபரேஷனுக்கு முந்தைய நாள் வந்தது. படித்துவிட்டு, உயிரோடு திரும்பி வந்தால் உங்களை ஒரு அறை விட வேண்டும் என்று நினைத்துக்கொண்டே உள்ளே போனேன். மயக்க மருந்து கொடுக்கிறவர், "நல்லதா ஏதாவது நெனச்சுக்குங்கம்மா" என்றார். நான் அதைத்தான் நினைத்தேன்.

பத்தொன்பது வருடம் உங்கள் அம்மாவைத் திட்டியிருக்கிறேன். காலையில் பல் தேய்க்கும்போதுகூட. மன்னிப்புக் கேட்க இப்போது அவர் இல்லை. இதையும் உங்களால்தான் செய்தேன். உங்களை மன்னித்தேன் என்று எழுத வரவில்லை. எழுதினால் பொய்யாகிவிடும்.

கவர் இத்துடன் இருக்கிறது. நானும் பிரித்ததில்லை. உள்ளே என்ன எழுதினேன் என்று எனக்கு மனப்பாடம். பிரிக்க வேண்டியவர் நீங்கள்.


நவம்பர் 18 (பழைய கவருக்குள் இருந்தது)

உங்களுக்கு,

என் கோபம் எல்லாம் அப்படியேதான் இருக்கிறது, ஒரு இம்மிகூடக் குறையவில்லை. ஆனால் ஒரு செய்தி. ஏழு வருடமாக வராத ஆள் வந்திருக்கிறார். நாலு மாதம் முடிந்துவிட்டது.

படித்துவிட்டீர்களா? இன்னொரு தடவை படியுங்கள். முதல் தடவையில் உங்களுக்குப் புரியாது.

அம்மாவிடம் உடனே ஓட வேண்டாம். ஒரு நாள் நீங்கள் மட்டும் தனியாகச் சந்தோஷப்பட்டுக்கொள்ளுங்கள். எனக்கு வாந்தியெல்லாம் நின்றுவிட்டது. லேபில் மெழுகு வாசனை மட்டும்தான் ஆகவில்லை, அதனால் என்னை ஜன்னல் பக்கம் மாற்றிவிட்டார்கள். இரண்டு நாளாக உள்ளே ஏதோ குமிழி விடுவது மாதிரி இருக்கிறது. டாக்டரம்மா அதுதான் அசைவு என்கிறார்.

நான் திரும்பி வருவேனா என்று கேட்காதீர்கள், எனக்கே தெரியாது. கடிதம் போட்டுக் கூப்பிட்டால் வரமாட்டேன். நேரில் வந்து, வாயைத் திறந்து கூப்பிட்டால் யோசிப்பேன்.

பெயர் ஒன்று யோசித்து வையுங்கள். உங்கள் வேகத்துக்கு இப்போதே ஆரம்பித்தால்தான் பிறக்கிற நேரத்துக்கு முடியும்.

பல்லுக்காரி


ஜூன் 16

பல்லுக்காரிக்கு,

உன் நவம்பர் 18 கடிதம் கிடைத்தது.

நீ சொன்னபடி இரண்டு தடவை படித்தேன். நீ சொன்னபடி யாரிடமும் சொல்லவில்லை. அக்கா போன் செய்தாள், அவளிடம்கூடச் சொல்லவில்லை. ஒரு நாள் முழுக்க நான் மட்டும் தனியாகச் சந்தோஷப்பட்டேன். வேலைக்குப் போனேன், ஒரு கட்டடத்தில் கதவுத் தண்டவாளத்தைச் சுத்தம் செய்தேன். உள்ளே வந்த ஒருவர், "என்ன சார், நல்ல சேதியா? சிரிக்கறீங்க" என்று கேட்டார். ஆமாம் என்றேன். நாலு மாதம் என்றேன். அவர் கை கொடுத்துவிட்டு ஆறாவது மாடியில் இறங்கிப் போனார். அதற்குப் பிறகு லிஃப்டை நிறுத்தி 'பழுதுபார்ப்பு' பலகையை மாட்டிவிட்டு, உள்ளேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது.

மன்னிக்கச் சொல்லி எழுதவில்லை. நீ கேட்டதற்கு மட்டும் பதில். பெயர் யோசிக்கத் தொடங்கிவிட்டேன். ஆனால் பையனா பெண்ணா என்று நீ எழுதவில்லையே.


ஜூன் 20

பெண்.

என் உள்ளங்கைக்குள் அடங்கினாள். விரலில் நகம்கூட வந்திருந்தது. காது மட்டும் உங்கள் காது, அந்த மடங்கின காது. நர்ஸ் அரை நிமிடம்தான் காட்டினாள், ஆனால் நான் அச்செடுக்கிறவள், அரை நிமிடம் எனக்குப் போதும்.

நான் ஒரு பெயர் வைத்தேன். இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. நீங்கள் யோசித்ததைக் கடிதத்தில் எழுதி அனுப்ப வேண்டாம். வந்து, வாயைத் திறந்து சொல்லுங்கள். பிறகு நான் வைத்ததைச் சொல்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை எனக்கு மிஷின் கிடையாது.